வேட்பாளர் இல்லாத வாக்காளர்

(மூங்கில்துறைப்பட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2024 ஜூன் 26, புதன்கிழமை. விக்கிரவாண்டி சட்டமன்ற இடைத்தேர்தலில் வேட்புமனுவைத் திரும்பப் பெற அதுதான் கடைசி நாள். அதே நாளில் சென்னையில், கருணாபுரம் விஷச்சாராயச் சாவுகளைப் பற்றி உடனே விவாதிக்க வேண்டும் என்று அவையில் குரல் எழுப்பிய அதிமுக உறுப்பினர்கள் அந்தக் கூட்டத்தொடர் முடியும்வரை இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். மறுநாள் அவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கள்ளக்குறிச்சி நகரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் நடந்த முதல் தேர்தல், பக்கத்து மாவட்டமான விழுப்புரத்தில் இருக்கும் விக்கிரவாண்டித் தேர்தல். ஆட்சியை எதிர்த்து அவையிலும் தெருவிலும் உரக்கப் பேசிய பெரிய எதிர்க்கட்சியின் சின்னம் அந்த வாக்குப்பதிவு இயந்திரத்தில் இல்லை. அந்தக் கட்சி ஜூன் 15ஆம் தேதியே போட்டியிடுவதில்லை என்று அறிவித்துவிட்டது.

கட்சிகள் கணக்குப் போட்டு வேட்பாளரை நிறுத்தாமல் விடுவதையும், நிறுத்தியவரைத் திரும்பப் பெறுவதையும் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். எந்தக் கட்சியையும் குற்றக்கூண்டில் நிறுத்துவது என் நோக்கமில்லை. இதை எல்லாரும் செய்திருக்கிறார்கள். ஆனால் விலகிய கட்சிக்கு வாக்களித்துவந்த மனிதருக்கு அன்று என்ன நேர்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கவே வந்தேன்.

முதலில் சட்டம் சொல்வதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 37ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. மனுக்கள் பரிசீலனை முடிந்து, குறித்த கடைசி நாளில் பிற்பகல் 3 மணிக்குள், வேட்பாளரே நேரில் வந்தோ, அவர் எழுத்துமூலம் அதிகாரம் கொடுத்த முன்மொழிந்தவரோ தேர்தல் முகவரோ வந்தோ, கையெழுத்திட்ட அறிவிப்பைத் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் தர வேண்டும். தந்த பிறகு மனம் மாறினாலும் பயனில்லை. விலகலை ரத்துசெய்ய முடியாது. கட்டிய டெபாசிட் திரும்பக் கிடைக்கும். 3 மணி தாண்டிவிட்டால், கட்சித் தலைவரே ஒலிபெருக்கி வைத்து விலகிவிட்டோம் என்று சொன்னாலும் பெயரும் சின்னமும் இயந்திரத்தில் இருந்தே தீரும். ஒரே ஒருவர் மிஞ்சினால் அவர் போட்டியின்றித் தேர்வானதாக அன்றே அறிவிக்கப்படுவார்.

கவனியுங்கள், கையெழுத்து வேட்பாளருடையது. கட்சி கையெழுத்துப் போடுவதில்லை. வேட்பாளர் தன் சொந்த முடிவால் விலகுகிறார் என்றே சட்டம் பார்க்கிறது. அந்த முடிவைப் பணத்தால் வாங்கினால் அது லஞ்சம்: 123ஆவது பிரிவு, ஒருவரைப் போட்டியிலிருந்து விலக வைப்பதற்காகவோ விலகாமல் இருக்க வைப்பதற்காகவோ எதையாவது கொடுப்பதை ஊழல் நடவடிக்கை என்கிறது. 2019இலும் 2021இலும் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நேரத்தில், நம் வட மாவட்டங்களில் சில ஊர்களில் தலைவர் பதவி ஏலம் போனதாகச் செய்திகள் வந்தன. கோயில் திருப்பணிக்குப் பணம் கட்டுபவர் தலைவர், மற்றவர்கள் மனுவைத் திரும்பப் பெற வேண்டும் என்பது ஏற்பாடு. ஊர் ஒற்றுமை என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். ஊரில் பணம் இல்லாதவன் எவனும் அந்த ஒற்றுமைக்குள் தலைவராக முடியாது.

ஆனால் ஒரு கட்சி இன்னொரு கட்சிக்காக விலகும்போது, மேலவை இடம், அடுத்த தேர்தலில் தொகுதிகள், வழக்கில் அனுசரணை, மத்திய அரசின் தயவு என்று எது கைமாறினாலும் சட்டத்துக்குத் தெரியாது. அதைச் சட்டத்தால் பிடிக்கவும் முடியாது என்றே நினைக்கிறேன். கூட்டணி என்பதே கொடுக்கல் வாங்கல்தான். வாங்கியதும் கொடுத்ததும் வாக்காளர் கண்முன் நடந்ததா என்பதே நாம் கேட்க வேண்டியது.

இந்த மண்ணிலிருந்தே தொடங்குகிறேன். மூங்கில்துறைப்பட்டு கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருப்பது 2019இலிருந்து. அதற்குமுன் விழுப்புரம் மாவட்டம், 1993க்கு முன் தென்னாற்காடு மாவட்டம். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1952இல் முடிந்தபோது, போட்டியிடாமல் இருப்பது ஒரு தந்திரமாகப் பெரிய அளவில் சோதிக்கப்பட்ட இடங்களில் இந்தத் தென்னாற்காடும் ஒன்று.

திராவிட முன்னேற்றக் கழகம் 1949 செப்டம்பர் 17இல் பிறந்தது. இரண்டே ஆண்டில் தேர்தல் வந்தது. வேட்பாளர் நிறுத்துவதில்லை என்று கழகம் முடிவெடுத்தது. ஆனால் ஒதுங்கி வீட்டில் உட்காரவில்லை. தன் கொள்கையை அவையில் ஆதரிப்போம் என்று கையெழுத்திட்டுத் தருபவர்களுக்காக வேலை செய்தது. தென்னாற்காட்டில் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி, வடஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கம் எம்.ஏ. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி ஆகிய இரண்டும் அந்த ஆதரவைப் பெற்றன. வன்னியர் சமூகத்தின் பெரும் எழுச்சியும் அவர்களுக்குப் பின்னால் இருந்தது. உழைப்பாளர் கட்சி 19 சட்டமன்ற இடங்களை வென்றது. காமன்வீல் 6 இடங்களை வென்றது. அப்போது சென்னை மாநில அவையில் மொத்தம் 375 இடங்கள். காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. ஆட்சி அமைக்கப் போதாது.

அதற்குப்பின் நடந்ததை நம் பகுதிப் பெரியவர்கள் தங்கள் தந்தையர் சொல்லக் கேட்டிருப்பார்கள். ராஜாஜி 1952 ஏப்ரல் 10இல் முதல்வரானார். மாணிக்கவேலு நாயக்கர் அவர் அமைச்சரவையில் சேர்ந்தார். உழைப்பாளர் கட்சியும் ஆட்சிக்கு ஆதரவு தந்தது. 1954இல் காமராசர் முதல்வரானபோது படையாட்சியாரும் அமைச்சரானார். இரண்டு கட்சிகளும் காங்கிரசுக்குள் கரைந்தன. அவர்கள் செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. தங்கள் மக்களுக்குப் பதவியும் பங்கும் கிடைக்க வேண்டும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். ஓரளவு கிடைக்கவும் செய்தது. ஆனால் கழகத்தின் கையில் மிஞ்சியது கையெழுத்திட்ட காகிதங்கள்தான். 1953இல் ராஜாஜியின் கல்வித் திட்டம் வந்தது. குலக்கல்வி என்று கழகம் அதை எதிர்த்து மும்முனைப் போராட்டம் நடத்தியது. தெருவில் ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். அவைக்குள் எழுந்து பேச, தன் பெயரில் வென்று வந்த ஓர் உறுப்பினர்கூட அந்தக் கட்சிக்கு இல்லை.

வாக்கை இன்னொருவருக்குத் திருப்பிவிடலாம். அந்த இன்னொருவரை ஐந்தாண்டுக்குத் தன் பக்கம் கட்டிவைக்க வழியே இல்லை. 1952இல் கிடைத்த இந்தப் பாடத்தைக் கழகம் புரிந்துகொண்டது. புரிந்துகொண்ட விதம்தான் எனக்கு இன்றைய பேச்சின் மையம். 1956 மே மாதம் திருச்சியில் நடந்த மாநில மாநாட்டில், தேர்தலில் நிற்கலாமா வேண்டாமா என்று வந்திருந்தவர்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். பெட்டிகள் வைத்து, வேண்டும் என்பவர் ஒன்றிலும் வேண்டாம் என்பவர் இன்னொன்றிலும் சீட்டுப் போட வேண்டும். மிகப் பெரும்பான்மை நிற்க வேண்டும் என்றது. மறு ஆண்டு போட்டியிட்டு 15 இடங்களை வென்றார்கள். களத்தில் இறங்குவதா ஒதுங்குவதா என்பதைத் தலைமை மட்டும் அறைக்குள் முடிவுசெய்யாமல் தொண்டனிடம் கேட்ட ஒரு கட்சி இந்த நாட்டிலேயே இருந்திருக்கிறது. எழுபது ஆண்டுக்கு முன், மின்னஞ்சலும் கைப்பேசியும் இல்லாத காலத்தில்.

இன்னொரு விலகல் 1971இல் நடந்தது. அளவில் அதற்கு இணையானது தமிழ்நாட்டில் இல்லை. காங்கிரஸ் இரண்டாகப் பிளந்திருந்தது. இந்திரா காந்தியின் காங்கிரஸ் திமுகவோடு கூட்டுச் சேர்ந்தது. மக்களவையில் தமிழ்நாட்டில் 9 இடங்களைப் பெற்றுக்கொண்டது. சட்டமன்றத்தில் ஓர் இடத்தில்கூட நிற்பதில்லை என்று ஒப்புக்கொண்டது. நினைத்துப் பாருங்கள்: 1967 வரை இந்த மாநிலத்தை ஆண்ட பாரம்பரியத்துக்கு உரிமை கொண்டாடும் கட்சி, 234 தொகுதிகளிலும் வேட்பாளர் இல்லாமல் சட்டமன்றத் தேர்தலைக் கடந்தது. கணக்கு உடனடியாகப் பலித்தது. நின்ற 9 இடங்களிலும் காங்கிரஸ் வென்றது. திமுக 184 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. தில்லியில் ஆட்சியைக் காப்பதே அப்போதைய தேவை என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தேர்தலில் தன் கட்சிக்கு ஒரு சட்டமன்ற வேட்பாளர் இல்லாமல் நின்ற கிராமத்துக் காங்கிரஸ்காரர் என்ன ஆனார்? சிலர் காமராசரின் காங்கிரசுக்குப் போனார்கள். சிலர் திமுகவுக்கு வேலை செய்து அங்கேயே தங்கினார்கள். அதற்குப்பின் காங்கிரஸ் இந்த மாநிலத்தில் ஆட்சிக்குத் திரும்பவே இல்லை. அந்த வீழ்ச்சிக்கு ஆயிரம் காரணம் உண்டு. 1971இன் ஒப்பந்தம் அவற்றில் சிறியது அல்ல என்பது என் துணிபு.

இப்போது ரிஷிவந்தியத்துக்கு வருவோம். பக்கத்தில் இருப்பது, இங்கிருப்பவர்களுக்கு அந்த ஊரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2011இல் ரிஷிவந்தியத்தில் வென்ற தேமுதிகவின் விஜயகாந்த் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தார். அது எப்படி நடந்தது? 2009 ஜனவரியில் திருமங்கலம் இடைத்தேர்தல். வாக்குக்குப் பணம் என்பது ஒரு ஃபார்முலா என்றே பேர் வாங்கியது அங்குதான். அதே ஆண்டு ஆகஸ்டில் கம்பம், பர்கூர், இளையான்குடி, தொண்டாமுத்தூர், ஸ்ரீவைகுண்டம் என்று ஐந்து இடைத்தேர்தல்கள் வந்தன. வாக்குப்பதிவு இயந்திரத்தின் மேலேயே நம்பிக்கை இல்லை என்று சொல்லி ஜெயலலிதா அவற்றைப் புறக்கணித்தார். ஒரு போகம் நடாமல் விட்ட நிலத்தில் பக்கத்து நிலத்து மாடு மேயாமல் இருக்குமா? ஆளும் அணியை எதிர்க்க நினைத்தவர்களுக்கு தேமுதிகவின் முரசுச் சின்னம் ஒன்றே கையில் கிடைத்தது. தேமுதிக இரண்டாமிடத்துக் கட்சியாகத் தலைநிமிர்ந்தது. 2011இல் அதே தேமுதிகவுக்கு அதிமுக 41 தொகுதிகளைப் பங்கிட்டுத் தர வேண்டியிருந்தது. அதில் 29 வென்றார்கள். திமுகவுக்குக் கிடைத்தது 23. எதிர்க்கட்சி நாற்காலி விஜயகாந்துக்குப் போயிற்று.

ஐந்து இடைத்தேர்தல்களில் செலவு மிச்சமானது, தோல்வியின் அவமானமும் இல்லாமல் போனது என்று அன்று அதிமுக தரப்பில் நினைத்திருக்கலாம். 2011இல் ஆட்சியும் கிடைத்தது. ஆகவே 2009 புறக்கணிப்பு தோல்வி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தொகுதிப் பங்கீட்டு மேசையில்தான் அதற்கான விலை எழுதப்பட்டது.

திமுகவும் இதே வழியில் போனது. 2012 புதுக்கோட்டை, 2015 ஆர்.கே. நகர் இரண்டையும் புறக்கணித்தது. ஆர்.கே. நகரில் ஜெயலலிதாவுக்கு 1,60,432 வாக்குகள். எதிர்த்து நின்ற இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சி. மகேந்திரனுக்கு 9,710. ஒரு முதலமைச்சர் மீது வழக்கும் விடுதலையும் மேல்முறையீடும் என்று நாடே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், வடசென்னை மக்கள் அதைப் பற்றித் தங்கள் கருத்தைச் சொல்ல முடிந்த ஒரே வாய்ப்பு அது. அங்கே ஒரு சிறிய கட்சி மட்டும் தைரியமாக நின்றது. அந்த 9,710 வாக்குகளை நான் மதிக்கிறேன்.

2023இல் மட்டும் மூன்று விலகல்கள். ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் அதிமுகவின் இரட்டை இலை யாருக்கு என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பொதுக்குழு வழியாக வேட்பாளரை முடிவுசெய்யச் சொல்லி நீதிமன்றம் வழிகாட்டிய பிறகு, சின்னத்துக்குத் தடையாக இருக்க மாட்டோம் என்று ஓ. பன்னீர்செல்வம் தரப்பு தன் வேட்பாளர் செந்தில் முருகனைத் திரும்பப் பெற்றது. அமமுக குக்கர் சின்னம் கிடைக்கவில்லை என்று ஒதுங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் கர்நாடகத் தேர்தலில், பெங்களூரின் புலிகேசிநகரில் எடப்பாடி பழனிசாமி நிறுத்திய டி. அன்பரசன், பாஜக கேட்டுக்கொண்டதால் விலக்கிக்கொள்ளப்பட்டார். இவற்றில் கடைசியை நான் ஒரு வகையில் பாராட்டுவேன். யார் கேட்டார்கள், யாருக்காக விலகினோம் என்று அவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். அங்கிருந்த தமிழ் வாக்காளர் குழம்ப வேண்டியிருக்கவில்லை. பிடித்தால் கேட்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றிப் போடலாம்.

விக்கிரவாண்டியில் அந்தத் தெளிவு இல்லை. அதனால்தான் அதை இங்கு விரித்துச் சொல்கிறேன்.

2019 இடைத்தேர்தலில் அந்தத் தொகுதியை அதிமுக 44,924 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. 2021 பொதுத்தேர்தலில் திமுகவின் நா. புகழேந்தி 93,730 வாக்கும் அதிமுகவின் முத்தமிழ்ச்செல்வன் 84,157 வாக்கும் பெற்றார்கள். வித்தியாசம் 9,573. அப்போது பாமக, பாஜக எல்லாம் அதிமுக அணியில். 2024 ஏப்ரலில் புகழேந்தி காலமானார். இரண்டே வாரத்தில் நடந்த மக்களவைத் தேர்தலில், அதே விக்கிரவாண்டிப் பகுதியில், பாமக தனி அணியில் நின்ற நிலையிலும் அதிமுக 65 ஆயிரத்துக்கும் மேல் வாங்கியது. திமுக கூட்டணியின் விடுதலைச் சிறுத்தைகள் வேட்பாளர் 72 ஆயிரம். பாமக 32 ஆயிரம். அதாவது, விலகிய கட்சி கரைந்துபோன கட்சி அல்ல. ஏழாயிரம் வாக்கு எட்டினால் வெல்லக்கூடிய இடத்தில் இருந்த கட்சி.

அப்படிப்பட்ட கட்சி விலகியதற்குச் சொன்ன காரணம், தேர்தல் சுதந்திரமாக நடக்காது, ஆளுங்கட்சி பணத்தையும் அதிகாரத்தையும் இறக்கும் என்பது. ஈரோடு கிழக்கில் வாக்காளர்களைக் கொட்டகைகளில் அடைத்துவைத்ததாக அவர்கள் எழுப்பிய புகார் அனைவருக்கும் நினைவிருக்கும். அந்தப் புகாரை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இடைத்தேர்தல் என்றால் அமைச்சர்கள் தெருத் தெருவாகக் குடியேறுவது எல்லா ஆட்சியிலும் பார்த்த காட்சி. ஆனால் பணம் பாய்கிறது என்பது எதிர்க்கட்சி களத்தில் நிற்பதற்கான காரணமல்லவா? வாக்குச்சாவடிக்குள் உட்கார முகவர் வேண்டும். கள்ள ஓட்டைத் தடுக்கக் கண் வேண்டும். புகார் கொடுக்க வேட்பாளர் என்ற சட்ட நிலை வேண்டும். விலகிய கட்சிக்கு இவற்றில் எதுவும் இல்லை.

ஜூன் 15இல் முடிவு அறிவித்தார்கள். ஜூன் 18 இரவிலிருந்து கருணாபுரத்தில் சாவுகள் தொடங்கின. வேட்புமனுத் தாக்கலுக்கு 21ஆம் தேதி வரை நேரம் இருந்தது. அந்த மூன்று நாட்கள் அந்தக் கட்சிக்குக் கிடைத்த வாய்ப்பு. எதிர்க்கட்சித் தலைவரும் மற்ற தலைவர்களும் கள்ளக்குறிச்சிக்கு வந்தார்கள், மருத்துவமனையில் ஆறுதல் சொன்னார்கள். கள்ளச்சாராயத்தை அனுமதித்த நிர்வாகத்தைப் பற்றிப் பக்கத்து மாவட்டத்து மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க, ஒரு மனு போதுமாயிருந்தது. போடவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் மேலிடுகிறது. துக்கத்தை வாக்காக மாற்றுவது பிணத்தில் அரசியல் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அரசு தவறினால் அதைத் தண்டிக்கவும், தவறவில்லை என்று நினைத்தால் காப்பாற்றவும் சாமானியனுக்கு இருக்கிற கருவி வாக்கு ஒன்றுதான்.

முடிவு என்ன? ஜூலை 10இல் 82 சதவீதத்துக்கும் மேல் வாக்குப் பதிவு. கட்சி புறக்கணித்தாலும் மக்கள் புறக்கணிக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. திமுகவின் அன்னியூர் சிவா 1,24,053. பாமகவின் சி. அன்புமணி 56,296. நாம் தமிழரின் அபிநயா 10,602. 2021 வித்தியாசமான 9,573, இப்போது 67,757 ஆகிவிட்டது. மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறது, பாமகவை வெல்ல வைக்கவே அதிமுக விலகியது என்று ப. சிதம்பரம் குற்றம்சாட்டினார். அது உண்மையாக இருந்தால் அந்தக் கணக்கு முற்றிலும் தவறிப்போனது. 2021இல் அந்த அணி சேர்ந்து வாங்கிய 84 ஆயிரத்தில் 28 ஆயிரம் குறைந்தது; திமுகவுக்கு ஏறத்தாழ 30 ஆயிரம் கூடியது. எந்த வாக்கு எங்கே போனது என்று வீடு வீடாக யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மக்களவைத் தேர்தலில் இரட்டை இலைக்குப் போட்டவர்களில் பெரும்பகுதியினர் வீட்டில் இருக்கவில்லை, ஒரே பக்கமாகவும் போகவில்லை என்பது தெளிவு. இரண்டு பெரிய அணிகளும் அவர்களைத் தேடி வந்தன. பாமக மேடையில் ஜெயலலிதாவின் படம் வைக்கப்பட்டது. தலைமை எதுவும் சொல்லாததால் அவரவர் சாதியும் சொந்தமும் கையில் கிடைத்ததும் எது பெரிதோ அதன்படி போட்டார்கள் என்றே நான் ஊகிக்கிறேன். ஒரு பெரிய கட்சியின் தொண்டனை அந்த நிலைக்குத் தள்ளியிருக்க வேண்டாம்.

விக்கிரவாண்டிக்கு மூன்று நாள் முன்னால், 2024 ஜூலை 7இல், பிரான்சில் நாடாளுமன்றத் தேர்தலின் இரண்டாம் சுற்று நடந்தது. முதல் சுற்றில் லெ பென் அம்மையாரின் தேசியப் பேரணிக் கட்சி முந்தியிருந்தது. பல தொகுதிகளில் மூன்று பேர் இரண்டாம் சுற்றுக்குத் தகுதி பெற்றிருந்தார்கள். இடதுசாரிக் கூட்டணியும் அதிபர் மக்ரோனின் அணியும் ஒன்றையொன்று கடுமையாக வெறுப்பவை. ஆனாலும் வாக்குப் பிரியக் கூடாது என்று, இரண்டு அணிகளிலுமாக இருநூறுக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் விலகினார்கள். முந்நூறுக்கு மேல் இருந்த மும்முனைப் போட்டிகள் தொண்ணூறுக்கும் கீழே இறங்கின. ஆட்சியைப் பிடித்துவிடும் என்று பேசப்பட்ட தேசியப் பேரணி மூன்றாமிடத்துக்குப் போனது.

அங்கே விலகியவர்கள் யாரைத் தடுக்க விலகுகிறோம் என்று பெயர் சொல்லிச் சொன்னார்கள். பலர் தங்கள் வாக்காளரிடம், எனக்குப் போட்ட வாக்கை இவருக்குப் போடுங்கள் என்று, முதல்நாள் வரை திட்டிய எதிராளியின் பெயரையே சொன்னார்கள். அதைக் கேட்காதவர்களும் உண்டு. நம் நாட்டில் ஒரே சுற்றுத் தேர்தல்; யாருக்கு எவ்வளவு பலம் என்று தெரிந்த பிறகு விலகும் வசதி நமக்கு இல்லை. ஆகவே பிரான்சை அப்படியே இங்கு கொண்டுவர முடியாது. ஆனால் யாருக்காக விலகுகிறோம் என்று சொல்ல, இரண்டாம் சுற்று தேவையில்லை. 2019இல் பிரிட்டனில் நைஜல் ஃபராஜ், கன்சர்வேட்டிவ் கட்சி ஏற்கெனவே வென்றிருந்த 317 தொகுதிகளிலும் தன் பிரெக்சிட் கட்சி நிற்காது என்று அறிவித்தார். ஒரே சுற்றுத்தான் அங்கும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற வேண்டும், அதற்கு எதிரணி வரக் கூடாது என்று காரணத்தையும் சொன்னார். அவர் கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. வெளியேற்றம் நடந்தது. அவருடைய நோக்கத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அவருடைய வாக்காளருக்கு, தன் வாக்கு எதற்குப் பயன்பட்டது என்று தெரியும்.

நம் ஈரோடு கிழக்குக்கு மறுபடி போவோம். 2025 பிப்ரவரி 5. இம்முறை அதிமுக, பாஜக இரண்டும் ஒதுங்கின. திமுகவின் வி.சி. சந்திரகுமார் 91,558 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதே தொகுதியில் 2023இல் 10,827 வாங்கிய நாம் தமிழர் கட்சி 24,151 வாங்கியது. நோட்டாவுக்கு 6,109 பேர் பொத்தானை அழுத்தினார்கள். வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு, யாரும் வேண்டாம் என்று பதிவுசெய்த ஆறாயிரம் பேர். அவர்களில் எத்தனை பேர் தங்கள் கட்சியின் சின்னத்தைத் தேடிப் பார்த்துவிட்டு அந்தப் பொத்தானை அழுத்தினார்களோ!

கட்சிக்காரர்கள் என்னிடம் ஒன்று கேட்பார்கள்: தோற்கப்போகும் இடத்தில் கோடிகளைக் கொட்டச் சொல்கிறீர்களா? தோல்வி வந்தால் பொதுத்தேர்தலுக்குள் தொண்டன் சோர்ந்துபோவானே? நியாயமான கேள்விதான். பணம் இல்லாத கட்சியை எல்லா இடைத்தேர்தலிலும் நில் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கொள்கைக்காகவே தேர்தலை மறுத்த இயக்கங்களும் உண்டு. விடுதலைச் சிறுத்தைகள் 1999 வரை தேர்தலைப் புறக்கணித்துவந்தவர்கள். அது ஒரு நிலைப்பாடு; அவர்களுடைய ஆதரவாளர் ஒவ்வொருவருக்கும் ஏன் என்று தெரியும். ஆனால் வார்டு தோறும் பூத் கமிட்டி வைத்திருக்கும் கட்சி, தன் கிளைச் செயலாளரைக்கூடக் கேட்காமல், அறிக்கை ஒன்றில் விலகிவிடுவது வேறு. தேர்தல் வராத காலத்தில் கொடிக்கம்பம் நட்டவர், கூட்டத்துக்கு வண்டி பிடித்தவர், கடன் வாங்கிப் பேனர் வைத்தவர் அந்தக் கிளைச் செயலாளர். விலகல் முடிவைத் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை அவருக்கு வரக் கூடாது.

ஆகவே விலகுவதற்கான உரிமையை நான் பறிக்கச் சொல்லவில்லை. அந்த உரிமையோடு சேர்ந்து சில கடமைகள் வர வேண்டும் என்கிறேன். முடிவுக்கு முன் அந்தத் தொகுதியின் உறுப்பினர்களைக் கூட்டிக் கேட்க வேண்டும். திருச்சியில் 1956இல் முடிந்தது இன்று முடியாதா? விலகிய பிறகு யாருக்கு வாக்களிக்கச் சொல்கிறோம், அல்லது உங்கள் விருப்பம்போல் போடுங்கள், இரண்டில் ஒன்றைத் தலைமை தன் வாயால் சொல்ல வேண்டும். மனுப் போட்டுவிட்டு விலகினால், எதற்கு மாற்றாக விலகினோம் என்பதை 3 மணிக்குள் அல்ல, அன்று இரவுக்குள்ளாவது மக்களிடம் சொல்ல வேண்டும். சட்டம் இதையெல்லாம் கட்டாயப்படுத்தாது. கட்சியின் சொந்த விதிகளில் எழுதிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

இதை இங்கே, இந்த மாவட்டத்தில் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நமக்கு மேற்கே தெரியும் கல்வராயன் மலையில் மூன்று ஜாகீர்தார்கள் ஆண்டுவந்தார்கள். 2024இல் சாராயச் சாவுகளுக்குப் பின் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரித்தபோது, 1976இல்தான் அந்த மலை முழுமையாக ஆட்சி அமைப்புக்குள் வந்தது, வாக்குரிமையே 1996இல்தான் அவர்களுக்குக் கிடைத்தது என்று அங்கே எடுத்துச் சொல்லப்பட்டது. நாடு விடுதலை பெற்று அரை நூற்றாண்டு கழித்து. வெள்ளிமலைப் பக்கத்து மலையாளி இனத்துப் பாட்டிக்கு வாக்குச்சாவடி அவ்வளவு புதியது. அவர் நடந்து வந்து சேரும் சாவடியில், சென்னையிலோ தில்லியிலோ யாரோ போட்ட கணக்குக்காக ஒரு சின்னம் காணாமல் போயிருந்தால், அவருக்கு அதை யார் விளக்குவது?

நம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் நடந்தது. அந்தப் பதவிக்காலம் ஐந்தாண்டு. அடுத்த தேர்தல் வரும்போது ஒன்றியக் குழு உறுப்பினருக்கும் மாவட்டக் குழு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னத்தில் போட்டி நடக்கும். வேட்புமனுவைத் திரும்பப் பெறும் நாளில் ஒன்றிய அலுவலக வாசலில் கூட்டம் கூடும். இங்கே உட்கார்ந்திருக்கும் கட்சித் தோழர்களிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும், ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஒன்றியச் செயலாளரிடம் இப்போதே எழுதிக் கேளுங்கள்: நம் வார்டில் நம் வேட்பாளரை விலக்க வேண்டி வந்தால், அதற்கு முன் கிளைக் கூட்டம் கூட்டுவீர்களா என்று. பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்சியில் இல்லாத மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: உங்கள் வார்டில் யார் யார் மனுவைத் திரும்பப் பெற்றார்கள் என்ற பட்டியல் தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். அன்று மாலையே போய்ப் பாருங்கள். பெயர் இருப்பவரின் வீடு உங்கள் தெருவில்தான் இருக்கும். ஏன் விலகினீர்கள் என்று நேரில் கேளுங்கள்.